உறிஞ்சுவாயன்

செத்துப்போன மிருகங்களுக்குச் சதையும் தோலும் வைத்துத் தருவது என் வேலை. அருங்காட்சியகத்தில் என் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் நான் பொம்மைக்காரர்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் முழங்காலிலும் விரல் கணுக்களிலும்தான். பிசினைக் குழைத்துக் குழைத்து, காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன. இந்தத் திமிங்கலம்தான் கடைசி, இதை முடித்துவிட்டு ஒரு மாதம் குப்புறப் படுத்துத் தூங்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

திமிங்கலம் என் அக்காவுடையது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அக்கா அதே அருங்காட்சியகத்தில் புதைபடிவ ஆராய்ச்சியாளர். இள வயதில் ஒரு கடற்கரைப் பாறையிலிருந்து அந்த மண்டையோட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அதுதான் அவளுக்குப் பிள்ளை, குட்டி எல்லாம். அத்தான் உயிரோடு இருந்தபோதே, "என் சக்களத்தி எலும்பா இருக்கிறதால பொழைச்சேன், இல்லன்னா நான் எப்பவோ வீட்டை விட்டுப் போயிருப்பேன்" என்று தலைகீழாக ஒரு ஜோக் அடிப்பார். அவர் போனபிறகு அக்கா என் வீட்டு மாடியில் இருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாள். அதற்கு முன்னால் அவளுடைய திமிங்கலத்துக்கென்று ஒரு புதுக்கூடம் திறப்பதாக ஏற்பாடு.

அந்த மண்டையோட்டில் என்ன விசேஷம் என்றால், அதில் பல் இல்லை. பல் இருந்த குழியும் இல்லை. ஆதியில் திமிங்கலங்களுக்கெல்லாம் பல் உண்டு, மீனைக் கடித்துத் தின்றன. இப்போதுள்ள பெரிய திமிங்கலங்கள் பலவற்றுக்குப் பல்லுக்குப் பதிலாக மேல்தாடையிலிருந்து பலீன் தொங்குகிறது. நகம் எந்தப் பொருளோ அதே பொருளில் ஆன தகடுகள், ஓரத்தில் நார் நாராகப் பிரிந்திருக்கும். ஒரு மடக்கு கடலை வாயில் வாங்கி, நாக்கால் தண்ணீரை வெளியே தள்ளினால், சின்னச் சின்ன இறாலெல்லாம் சல்லடையில் நின்றுவிடும். பல் எப்போது போயிற்று, பலீன் எப்போது வந்தது, நடுவில் அவை எப்படிச் சாப்பிட்டன என்பதுதான் இந்தத் துறையில் தீராத சண்டை. பலீன் கல்லாக மாறிக் கிடைப்பது அபூர்வம், மட்கிப் போய்விடும். அதனால் எல்லோரும் மேலண்ணத்து எலும்பில் துளை தேடுவார்கள். பலீன் வளர ரத்தம் வேண்டும், ரத்தக்குழாய் வெளியே வர எலும்பில் துளை வேண்டும்.

அக்காவின் மண்டையோட்டில் துளைகள் இருந்தன. பல் போன கையோடு பலீன் வந்துவிட்டது, இதுவே மிகப் பழைய பலீன் திமிங்கலம் என்று அக்கா எழுதினாள். அந்த ஒரு கட்டுரையால்தான் அவளுக்குப் பேர்.

எதிர்த்தவர் ஒரே ஒருவர். கடல் தாண்டி இருக்கும் ஒரு ஆராய்ச்சியாளர். இதற்குப் பல்லும் இல்லை, பலீனும் இல்லை, உதட்டைக் குவித்து நாக்கைப் பின்னால் இழுத்து இரையை உறிஞ்சித்தான் சாப்பிட்டிருக்கும் என்றார். அக்கா அவருக்கு 'உறிஞ்சுவாயன்' என்று பேர் வைத்தாள். ஒரு கருத்தரங்கில், நிறைந்த சபையில், "உங்களுக்கு மொத்தப் பல்லும் கொட்டினப்புறம் வந்து சொல்லுங்க, எவ்வளவு நல்லா சாப்பிட முடியுதுன்னு" என்றாளாம். சபை விழுந்து விழுந்து சிரித்ததாம். இதை அவள் வீட்டில் பத்துத் தடவையாவது நடித்துக் காட்டியிருப்பாள்.

இப்போது அக்காவுக்குத்தான் மொத்தப் பல்லும் கொட்டிவிட்டது. ஈறு கெட்டு, ஒவ்வொன்றாக ஆடி, பல் டாக்டர் மிச்சத்தையும் பிடுங்கிவிட்டார். ஈறு ஆறினால்தான் பல்செட்டுக்கு அளவு எடுக்க முடியும் என்றார். அக்கா அழகி. அதை அவளும் அறிவாள். பேசும்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மதியம் என் பட்டறையில்தான் இருவரும் சாப்பிடுவோம். அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் மனைவி வடிகட்டிக் கொடுத்தனுப்பும் சூப்பைக் குடிப்பாள். ஒருநாள் தெரியாமல் எட்டிப் பார்த்துவிட்டேன். "உன் வேலையைப் பாருடா" என்று அவள் கத்திய கத்தலில் எதிர் அறை ஆள் ஓடி வந்தார்.

வேலை என்னவென்றால் பலீன் செய்வது. பிசின் தகட்டில் தூரிகை நாரை ஒட்டி, ஒவ்வொன்றாகத் தேய்த்து, சாயம் ஏற்றி, நூற்றுக்கணக்கில். குளிர்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. வீட்டுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போய் ஒட்டினேன். "குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட நேரமில்ல, மீனுக்குச் சீப்பு செய்ய நேரமிருக்கு" என்றாள் மனைவி. "அது மீனில்ல" என்று மாடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

தகடுகளைப் பொருத்துவதற்கு மண்டையோட்டின் அச்சு வார்ப்பில் இருந்த துளைகளைத்தான் அளவாக வைத்துக்கொண்டேன். அதில் ஒரு தொல்லை. வலப்பக்கம் துளைகள் நெருக்கமாக இருந்தன, இடப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அக்காவிடம் கேட்டேன். "கல்லைச் சுரண்டி எடுக்கும்போது அந்தப் பக்கம் தேஞ்சு போச்சுடா. வலது பக்கத்தைப் பாத்து அப்படியே இந்தப் பக்கமும் வை" என்றாள். எனக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் கண்ணுக்கு அழகு. வைத்துவிட்டேன்.

திறப்பு விழா நெருங்கியபோது இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. குழந்தைகள் தொட்டுப் பார்க்க மண்டையோட்டின் நகல் ஒன்று வேண்டும், அதற்கு முழு ஸ்கேன் எடுங்கள் என்றார். கல்லாகிப்போன எலும்பை ஆஸ்பத்திரி ஸ்கேன் ஊடுருவாது. இஞ்சின் வார்ப்படங்களைச் சோதிக்கும் ஒரு தொழிற்சாலையில் அதற்கான பெரிய இயந்திரம் இருந்தது. நானும் அக்காவும் மண்டையோட்டைப் பஞ்சு மெத்தையில் சுற்றி, வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அங்கே ஸ்கேன் எடுத்தவர் இரும்பில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஆள். படத்தைத் திரையில் குறுக்கே வெட்டி வெட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். மேலண்ணம் வந்ததும் சிரித்தார்.

"மேடம், உங்க எலும்புல ஏகப்பட்ட குமிழி. இது எங்க வார்ப்படமா இருந்தா அப்பவே கழிச்சுத் தள்ளியிருப்போம்."

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் கைக்குட்டை வாயிலிருந்து நழுவி மடியில் கிடந்தது, அவள் கவனிக்கவில்லை. "இதைக் கொஞ்சம் பெருசாக்குங்க," என்றாள். "அடுத்தது. அதுக்கு அடுத்தது." ஒவ்வொரு துளையாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்தாள்.

வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒரு லாரிப் பட்டறை ஓரம் நிறுத்தினேன்.

"என்னக்கா?"

"அது ரத்தக்குழாய் துளை இல்லடா."

"பின்ன?"

"ரத்தக்குழாய்னா உள்ள போய்ப் பெரிய குழாயோட சேரணும். இது எதுவும் எங்கயும் போகல. வெளிய சின்ன வாய், உள்ள குடுவை மாதிரி வயிறு, அதோட முடிஞ்சுபோச்சு. இது புழு. செத்த திமிங்கலம் கடலடியில விழுந்ததும் எலும்பைத் துளைச்சுத் தின்ன வருமே, அந்தப் புழு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒரு பக்கம் மட்டும் ஏன் நெருக்கமா இருந்துச்சுன்னு கேட்டியே," என்றாள். "இடது பக்கம் சேத்துல புதைஞ்சிருக்கும். வலது பக்கம் வெளிய தெரிஞ்சிருக்கும். தெரிஞ்ச பக்கத்தைப் புழு தின்னிருக்கு. அது எப்படிச் சாப்பிட்டதுங்கிறதுக்கு அத்தாட்சின்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். அதைச் சாப்பிட்ட புழுவோட தடத்தைக் காட்டித்தான்டா சொல்லியிருக்கேன்."

நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ளப் போவதில்லை. எனக்கு அந்த நேரத்தில் அக்கா மேல் இரக்கம் வரவில்லை. கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த தகடுகள்தான் நினைவுக்கு வந்தன. என் விரல்கள் நினைவுக்கு வந்தன. கோபம் வந்தது.

"இப்ப என்ன பண்ணப் போற?"

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"அக்கா, இதைப் பாத்தது நீ. புரிஞ்சது நீ மட்டும்தான். அந்தக் குமிழி ஆளுக்கு இது திமிங்கலமா திண்டுக்கல்லான்னுகூடத் தெரியாது. நகல் எடுக்க மேல்பரப்பு போதும், உள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறாங்க? விழா முடியட்டும். நீ ரிட்டையர் ஆகு. அப்புறம் எவனாவது கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் கணக்கில் ஒரு எண்ணை மாற்றி எழுதியதற்கே என் காதைத் திருகியவள் அவள். ஆனால் அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, விட்டுடு. மிச்சத் தகட்டையும் தொங்கவிடு" என்றாள். குரலில் உயிரே இல்லை.

தொங்கவிட்டேன். நான் கேட்டதுதான் நடந்தது, நியாயமாகப் பார்த்தால் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தகட்டையும் திருகும்போது எரிச்சல் கூடிக்கொண்டே போயிற்று. அக்கா கூடத்துப் பக்கமே வரவில்லை. இரண்டு நாளாகச் சூப்பும் அப்படியே திரும்பி வந்தது. "உங்க அக்காவுக்கு என்னங்க ஆச்சு?" என்று மனைவி கேட்டாள். "வயசாச்சு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதற்குமேல் பொய் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அக்கா பட்டறைக்கு வந்தாள். வழக்கம்போல நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். மனைவி பாவம் பார்த்து அன்று சூப்பில் காய்கறியைக் குழைய வேகவிட்டு, வடிகட்டாமலே கொடுத்திருந்தாள். நான் என் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து உறிஞ்சும் சத்தம் வந்தது. சர்ரென்று ஒரு சத்தம். பிறகு நாக்கு பின்வாங்கும் ஒரு சத்தம். மறுபடி சர்ரென்று. திடீரென்று நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன்.

"வராத. அங்கயே இரு," என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "உருளைக்கிழங்கு, கேரட்டு எல்லாம் உள்ள போகுதுடா. மெல்லவே வேணாம். உதட்டைக் குவிச்சு நாக்கைப் பின்னால இழுத்தா தானா வருது. உறிஞ்சுவாயன் சொன்னது அச்சு அசலா சரி."

அதற்குப் பிறகு அழுதாள். அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். நான் தட்டில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியில் வராத இரக்கம் அப்போது மொத்தமாக வந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "தகட்டை எல்லாம் கழட்டிடு" என்றாள்.

"அக்கா..."

"ஒருநாள் அதைப் பாக்க வர்ற பசங்க, பெத்தவங்க எல்லாரும் நான் சொன்னேன்னு நம்பிட்டுப் போவாங்கடா. நம்பினதை இன்னொருத்தருக்குச் சொல்லுவாங்க. தெரியாம சொன்னது வேற. இப்ப தெரியும். என்னால சூப்பு முழுங்க முடியல."

இயக்குநரிடம் அவளே போனாள். நானும் பின்னால் நின்றேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் தலையில் கைவைத்துக்கொண்டார். "போற நேரத்துல எதுக்கு மேடம் உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிறீங்க? அழைப்பிதழ்ல எல்லாம் 'மிகப் பழைய பலீன்'னு போட்டாச்சு. வெறும் வாயோட தொங்கவிட்டா வேலை முடியலன்னு நினைப்பாங்க" என்றார். "முடியலதான் சார், நாங்க முடிச்சிட்டதா நினைச்சிட்டோம்" என்றாள் அக்கா. கைக்குட்டைக்குள்ளிருந்து வந்ததால் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வைத்தார். இரண்டாம் தடவை சொல்வதற்குள் அவள் களைத்துப்போனாள். கடைசியில், விழாவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், ஆனால் காலி வாய் கூடாது, அது எப்படிச் சாப்பிட்டது என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்று இறங்கி வந்தார்.

அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்தே உறிஞ்சுவாயனுக்குப் போன் போட்டாள். அவர்கள் பாஷை எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். அக்கா அதிகம் பேசவில்லை. போனை வைத்தாள்.

"என்ன சொன்னார்?"

"நீங்க சொன்னதுதான் சரி, ஸ்கேனை அனுப்புறேன்னேன். எனக்குப் பல்லெல்லாம் போயிடுச்சுன்னும் சொன்னேன்."

"அதுக்கு?"

"'இப்ப சாப்பிட முடியுதா?'ன்னு கேட்டார். கிண்டலா கேக்கலடா. நிஜமாவே கேட்டார்."

அவரை அதற்குப் பிறகு அவள் உறிஞ்சுவாயன் என்று சொன்னதில்லை.

தகடுகளை நான்தான் கழற்றினேன். செய்து மாட்ட ஒரு குளிர்காலம், கழற்ற ஒரு காலைப்பொழுது. மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டேன். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு தகட்டைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பிடுங்கினேன், விரலில் ரத்தம் வந்தது.

அதன்பிறகுதான் உண்மையான கஷ்டம். பல்லும் பலீனும் இல்லாமல் உறிஞ்சும் வாயை நான் செய்ததே இல்லை. கன்னம் எங்கே உள்வாங்கும், உதடு எப்படிச் சுருங்கும், நாக்கு எவ்வளவு பின்னால் போகும்? அக்கா எலும்பை வைத்துத் தசை எங்கே ஒட்டும் என்று வரைந்து கொடுத்தாள். வரைபடம் சரிதான். ஆனால் களிமண்ணில் வைத்தால் சுருக்குப்பை மாதிரி வந்தது. கலைத்தேன். மறுபடி வைத்தேன், விசிலடிக்கிற ஆள் மாதிரி வந்தது. எதிர் அறை ஆள் வந்து பார்த்துவிட்டு, "இது பட்டாணியைத் தின்னுதா, பாட்டு பாடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெட்டியெறியத் தோன்றியது. நாளும் ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் அக்கா வந்தபோது நான் முகத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தேன். கலைத்துப் போட்ட களிமண் உருண்டைகள் மேஜை முழுக்கக் கிடந்தன.

"என்னடா, வரலியா?"

"வரல. எலும்பு சொல்றது புரியுது. தோல் எப்படி மடங்கும்னுதான் தெரியல. பல்லு இல்லாத வாய், உறிஞ்சும்போது, பக்கத்துல இருந்து..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திக்கொண்டேன். அவளைக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். "விடு. எதையாவது பாத்துக் கத்துக்கிறேன்."

அக்கா பையிலிருந்து சூப்புக் கிண்ணத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள், கரண்டியை எடுத்தாள். வழக்கமான நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள். நான் களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பிறகு நாற்காலிக் கால் தரையில் உராயும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அக்கா நாற்காலியோடு என் பக்கம் திரும்பி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையை மடித்து மேஜையில் வைத்தாள். பல் பிடுங்கியபிறகு அவள் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். அம்மாவின் கடைசி நாள் முகம் மாதிரியே இருந்தது.

"நல்லா பாத்துக்கடா," என்றாள். "மெதுவா சாப்பிடுறேன். வேணும்னா கிட்ட வா."

நான் ஸ்டூலை இழுத்துக்கொண்டு கிட்டே போய் உட்கார்ந்தேன்.